புதன், மூன்று முதல் நான்கு வரை

அந்த அலுவலகத்தில் கடிகாரம் சுவரில் தொங்கியது. ஆனால் நேரம் இருந்தது டைரி அக்காவிடம்தான்.

கட்டடங்களை அளந்து வரைபடம் போட்டுக் கொடுக்கிற சின்ன அலுவலகம் அது. மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள், நாலே பேர். முதலாளியான இன்ஜினியர். காதுக்கு மேல் எப்போதும் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் பென்சில் என்றே பெயராகிப்போன, வரைபடம் போடுகிற பெண். வெளியே போய் அளந்து வருகிற, கல்யாண போட்டோவில்கூட இடுப்பில் அளவு டேப்போடு நிற்கிற டேப். அப்புறம் அக்கா. இன்ஜினியர் அவளைவிட ஐந்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். முதல் வருஷம் அவளுக்கு அது உறுத்தியது. இருபதாவது வருஷத்தில், யாராவது அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று நினைத்துப் பேசாமல் இருந்தாள்.

அவளிடம் நீல அட்டை போட்ட கனமான டைரி ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரு நாள். உறுதியானதைப் பேனாவில் எழுதுவாள், இழுபறியானதைப் பென்சிலில். காலையில் எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அதைத் திறந்து வாசிப்பாள். "டேப், பத்து மணிக்குப் பழைய கிடங்கு. பின்வாசல் வழியா போங்க." ஏன் பின்வாசல் என்று டேப் கேட்டதில்லை. டைரி சொன்னால் போக வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை அவள் கதவு எண்ணைத் தப்பாக எழுதிவிட, சம்பந்தமே இல்லாத ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வீட்டுக்காரர்கள் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த, "எங்க அக்கா எழுதியிருக்காங்க" என்று சொல்லி மாடிப்படி வரைக்கும் அளந்துவிட்டு வந்தவர் அவர்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அக்காவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தது. போதாக்குறைக்கு டைரியும் அவள் பையிலேயே வீட்டுக்குப் போய்விட்டது. முதல் நாள் டேப்பும் இன்ஜினியரும் ஒரே கட்டடத்துக்கு ஆளுக்கொரு வாசல் வழியாகப் போய் நடுக்கூடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். இரண்டாவது நாள் யாரும் எங்கேயும் போகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் அனுப்பிய அவசர மெயில் பென்சிலின் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அவரவர் மெயில் அவரவர் பெட்டியில் என்பது அங்கே வழக்கம். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்குத் தெரிய வேண்டுமென்றால் அக்கா எழுந்து போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் அவள் உள்ளே நுழைந்தபோது ஆபீஸே எழுந்து நின்றது.

"நீங்க இல்லாட்டி இங்க ஒரு ஈ கூடப் பறக்கலை அக்கா," என்றார் இன்ஜினியர். அவள் மகிழ்ந்து முடிப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிட்டது. "அதனால எல்லாத்தையும் சர்வர்ல ஏத்திடலாம்னு முடிவு பண்ணிட்டேன். மெயில், டைரி எல்லாம் ஒரே இடத்துல. யாருக்கு எப்ப என்ன வேலைன்னு எல்லாருக்கும் தெரியும். மச்சான் வர்றான்."

மச்சான் என்பது அவர் மனைவியின் தம்பி. இன்ஜினியர் மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இரண்டாம் நாளே ஆபீஸ் முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. பென்சில் வாய் தவறி, "மச்சான், இங்க கொஞ்சம் வாங்க," என்று கூப்பிட்டுவிட்டு அன்று மாலை வரை யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து, "மச்சான் சார்."

அவன் கொண்டுவந்தது டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்க, அக்காவின் பழைய டைரிகள் பத்தொன்பதும் கீழ்த்தட்டுக்கு இறங்கின. டேப் வந்து பார்த்தார். "இதான் சர்வரா? நாலு காபி சொல்லுங்க."

"சிரிங்க சிரிங்க," என்றான் மச்சான். "நாளைக்கு இது இல்லாம நீங்க வாசல் தாண்ட மாட்டீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. யாராவது ஒரு வேலையைப் போட்டு உங்களை அழைச்சா, போன்ல 'ஏற்கிறேன்'னு ஒரு பட்டன் வரும். அதை அமுக்கணும். அமுக்கலைன்னா அது கத்திக்கிட்டே இருக்கும்."

அவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர்கள் எது வந்தாலும் அமுக்கினார்கள். படிப்பதில்லை, நுனிப்புல்கூட மேய்வதில்லை. வந்ததா, அமுக்கு. இன்ஜினியர் தன் பல் பிடுங்குகிற நேரத்தைக் குறிக்கப் போய், பழக்கமில்லாத கையால் எல்லோருக்கும் அழைப்பு அனுப்பிவிட்டார். மூன்று பேரும் ஏற்றுக்கொண்டார்கள். டேப் நேரத்துக்குப் போயும் நின்றார். வாய் விறைத்துப்போய் வெளியே வந்த இன்ஜினியர், காத்திருக்கும் அறையில் டேப் உட்கார்ந்து பழைய பத்திரிகை புரட்டுவதைப் பார்த்தார்.

"நீ எங்கய்யா இங்க?"

"போன் வரச் சொல்லுச்சு சார். வந்துட்டேன்."

அக்காவும் மற்றவர்களோடு சேர்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் திரையில் மச்சான் விரித்துக் காட்டிய அந்த வாரத்தைப் பார்த்தபோது அவள் சிரிப்பு நின்றது. ஆளுக்கு ஒரு நிறம். இன்ஜினியர் நீலம், பென்சில் பச்சை, டேப் ஆரஞ்சு, அவள் சிவப்பு. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை பட்டை பட்டையாக எல்லோருடைய நேரமும் ஒரே பலகையில் கிடந்தது. வேலை இல்லாத இடம் வெள்ளையாகத் தெரிந்தது. அவளுடைய வெள்ளை ஒன்று புதன்கிழமை மூன்றிலிருந்து நான்கு வரை பளிச்சென்று இருந்தது.

"இங்க என்னக்கா? சும்மாதானே?" என்று கேட்டான் மச்சான்.

"போஸ்ட் ஆபீஸ்," என்றாள் அவள்.

பதினாலு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். முதல் புதன் அது உண்மையாகவே போஸ்ட் ஆபீஸ்தான். வரைபடக் கட்டு ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் திரும்புகையில், பக்கத்துக் கட்டடத்திலிருந்து தண்ணீர்ச் சத்தமும் விசில் சத்தமும் கேட்டன. பொது நீச்சல் குளம். சும்மா எட்டிப் பார்த்தாள். அடுத்த புதன் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நாற்பத்தேழு வயதில் அவள் முதன்முறையாகத் தண்ணீருக்குள் முகத்தை வைத்தது மூன்றாவது புதன்.

யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் இல்லை. சொல்லக்கூடாத காரியம் ஒன்றும் கிடையாது; சொல்லியிருந்தால் அவர் நல்ல துண்டாக ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பார். இருந்தும் புதனன்று தலையை நன்றாகக் காயவைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனாள். "உன் தலையில ஏதோ மருந்து வாசனை அடிக்குதே," என்று அவர் கேட்டபோது, "ஆபீஸ்ல தரை துடைக்கிறாங்க," என்று சொன்னாள். பொய் சொன்ன குறுகுறுப்பைவிட, தன்னிடம் ஒளித்துவைக்க ஒரு பொருள் இருக்கிறது என்ற சந்தோஷம் பெரிதாக இருந்தது. டைரியில் அந்த ஒரு மணி நேரத்துக்கு அவள் எழுத்து எதுவும் எழுதவில்லை. ஒரு சின்ன அலைக்கோடு மட்டும் போட்டுவைப்பாள்.

நீந்த வந்துவிட்டது. ஆழப் பக்கத்தில் குதிப்பதுதான் வரவில்லை. நான்கு வாரமாக விளிம்பில் போய் நின்று, நின்று, திரும்பி வந்துகொண்டிருந்தாள். சொல்லிக் கொடுக்கிற பயிற்சியாளர், அவளைவிட ரொம்ப இளையவள், போன வாரம் சொல்லிவிட்டாள்: "அடுத்த புதன் எனக்கு இங்க கடைசி நாள்மா. வேற குளத்துக்கு மாத்திட்டாங்க. நீங்க குதிக்கறதைப் பாக்காம போகமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, அக்கா தன் நீல டைரியை மடியில் வைத்துக்கொண்டு மீதியிருந்த வேலைகளைச் சர்வரில் ஏற்றினாள். அறுபதுக்கு மேல் இருந்தன. தலைப்பு, இடம், நேரம், யாருக்கு. 'யாருக்கு' என்ற கட்டத்தில் 'அ' என்று தட்டியதும் 'அனைவரும்' என்று அதுவே நீட்டும். ஒரு தட்டுத் தட்டினால் போதும். பத்தாவது வேலைக்கெல்லாம் கண் பார்க்காமலே கை அதைச் செய்யத் தொடங்கியிருந்தது.

கடைசியாக அலைக்கோடு வந்தது. தலைப்பு என்ற கட்டம் காலியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தனக்கு மட்டும் தெரிகிற மாதிரியும் வைக்கலாம் என்று மச்சான் சொல்லியிருந்தான். அவளுக்கு ஒரு ஆசை வந்தது. பதினாலு மாதமாக ஒரு கோடாக இருந்ததை ஒரே ஒருமுறை வார்த்தையாக எழுதிப் பார்த்தால் என்ன? எழுதினாள். நீச்சல். ஆழப் பக்கம். குதிக்கணும். இடம்: பொது நீச்சல் குளம். எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். யாருக்கோ எழுதிய காதல் கடிதத்தைப் படிப்பதுபோல் முகம் சூடாயிற்று. அந்தச் சூட்டிலேயே மிச்சத்தையும் நிரப்பி, கணினியை அணைத்துவிட்டு, படிகளில் சின்னப் பெண்போல இறங்கிப் போனாள்.

புதன் காலை அவள் மெயிலைத் திறந்தபோது அறுபத்துச் சொச்சம் வேலைகளுக்கும் பதில்கள் குவிந்து கிடந்தன. ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டார், ஏற்றுக்கொண்டார். தள்ளிக்கொண்டே போனவளின் விரல் ஓரிடத்தில் நின்றது.

நீச்சல். ஆழப் பக்கம். குதிக்கணும். இன்ஜினியர் ஏற்றுக்கொண்டார். பென்சில் ஏற்றுக்கொண்டார். டேப் ஏற்றுக்கொண்டார். மச்சான் ஏற்றுக்கொண்டார்.

நிமிர்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தாள். இன்ஜினியர் போனில் கத்திக்கொண்டிருந்தார். பென்சில் அழிப்பானைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் மடியில் இருந்தது. டேப் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு முகத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. படிக்கவில்லை! ஒருத்தரும் படிக்கவில்லை! வழக்கமாக அவளை எரிச்சல்படுத்துகிற அந்தச் சோம்பேறித்தனத்தை நினைத்துக் கும்பிடத் தோன்றியது.

மச்சானிடம் போய்க் காதும் காதும் வைத்த மாதிரி கேட்டாள். "தப்பா அனுப்பின ஒண்ணை அழிச்சிட்டா என்ன ஆகும்?"

"எல்லாருக்கும் சிவப்புல 'ரத்து'ன்னு போகும்."

"படிப்பாங்களா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இந்த ஆபீஸ்ல வேலைன்னா படிக்க மாட்டாங்கக்கா. ரத்துன்னா ஒரு எழுத்து விடாம படிப்பாங்க."

அதனால் அழிக்கவில்லை. மூன்று மணிக்குக் கால் மணி முன்னால் எல்லோருடைய போனும் நினைவூட்டி மணி அடிக்கும் என்பது தெரியும்தான். அதையும் பார்க்காமல் அணைப்பார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். இரண்டரைக்கே பையை எடுத்துக்கொண்டு, "போஸ்ட் ஆபீஸ்," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு இறங்கினாள்.

நடக்கும்போது யோசித்தாள். தெரிந்தால்தான் என்ன? குடியா முழுகிவிடும்? ஆனால் நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அலுவலகத்தில் அவள் தெரிந்தவள். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்த வாடிக்கையாளருக்கு எப்போது கோபம் வரும், இன்ஜினியரின் கண்ணாடி எங்கே, எல்லாம் தெரிந்தவள். வீட்டிலும் அப்படியே. உலகத்தில் ஒரே ஓர் இடத்தில், வாரத்துக்கு ஒரு மணி நேரம், அவள் ஒன்றும் தெரியாதவளாக இருந்தாள். மூக்கில் தண்ணீர் ஏறினால் தும்மினாள். கை காலை உதறினாள். தோற்றாள். தோற்பதற்கு ஓர் இடம் இருப்பது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அதைத்தான் அவர்கள் பார்த்துவிடக் கூடாது. பார்த்துவிட்டால், நாளைக் காலை அவள் டைரியை வாசிக்கும்போது அவர்கள் எழுந்து போவார்களா?

மூன்று அடித்துப் பத்து நிமிஷம். நீச்சல் உடையும் தொப்பியுமாக அவள் ஆழப் பக்கத்து விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள். கீழே தண்ணீர் கருநீலமாகக் கிடந்தது. பயிற்சியாளர் எதிர்ப்பக்கம் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அப்போது கதவு திறந்தது.

முதலில் வந்தது மஞ்சள் தொப்பி. கட்டுமான இடங்களுக்குப் போடுகிற தலைக்கவசத்தோடு இன்ஜினியர். அவர் பின்னால் அட்டையும் காகிதமுமாகப் பென்சில். மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி மச்சான். எல்லோருக்கும் பின்னால் நீளமான டேப்பும் ஒரு துணிப்பையுமாக டேப்.

"இது யாரு சார் வாடிக்கையாளர்?" என்று டேப் கேட்பது குளம் முழுக்க எதிரொலித்தது. அப்புறம் அவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

"அக்கா?" என்றார் இன்ஜினியர். "நீங்க போஸ்ட் ஆபீஸ்ல இல்ல?"

"நீங்க எல்லாரும் இங்க என்ன பண்றீங்க?"

"டைரில போட்டிருந்துதே," என்றார் டேப், அதைவிடத் தெளிவான விஷயம் இல்லை என்பதுபோல. "போன் அடிச்சதும் பாத்தோம். நீச்சல், ஆழப் பக்கம், குதிக்கணும். ஆழத்தை அளக்க எதுக்குக் குதிக்கணும்னு நான் கேட்டேன். அக்கா எழுதினா காரணம் இருக்கும்னு சார் சொன்னாரு. போற வழியிலதான வீடு, டிராயர் எடுத்துட்டு வந்துட்டேன்." பையை உயர்த்திக் காட்டினார்.

பென்சிலுக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் முகம் சிவந்தது. "சார், இது வேலை இல்ல. அக்காவோடது. வாங்க, போயிடலாம். மன்னிச்சுக்கோங்கக்கா, நாங்க பாக்கவே இல்ல, சரியா?"

அவர்கள் திரும்பினார்கள். தலைக்கவசம் கதவை நோக்கி நகர்ந்தது. போகட்டும் என்றுதான் அக்கா நினைத்தாள். ஆனால் அந்த நாலு முதுகுகளையும் பார்த்தபோது சிரிப்பு வந்தது. டிராயர்! காரணம் கேட்காமல், குதிக்க வேண்டும் என்று அவள் எழுதியதால், ஐம்பது வயது மனுஷன் குதிக்கத் தயாராக வந்திருக்கிறார். இவர்கள் நாளைக்கு டைரி சொன்னால் போவார்களா என்றா அவள் பயந்தாள்?

"இருங்க," என்றாள். "குதிக்க வேண்டியது நான்தான். நாலு வாரமா குதிக்கலை. பயமா இருக்கு."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை இருபது வருஷத்தில் அவர்கள் அவள் வாயிலிருந்து கேட்டதில்லை. இன்ஜினியர் என்ன செய்வதென்று தெரியாமல் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

டேப் மட்டும் கேட்டார். "எவ்வளவு ஆழம்?"

"தெரியலை. சுவத்துல எழுதியிருந்தது அழிஞ்சுபோச்சு."

"தெரியாமலா நாலு வாரமா நிக்கறீங்க?" அவர் குரலில் உண்மையான கோபம் இருந்தது. அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, டேப்பின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டித் தண்ணீருக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. "மூணு மீட்டர் பத்து. எழுதிக்கோம்மா." பென்சில் காதிலிருந்ததை எடுத்து எழுதினாள். இரண்டடி தள்ளி மறுபடி விட்டார். "மூணு பதினஞ்சு. லேசா சரிவு."

"நான் நாலு வாரமா இவங்ககிட்ட தண்ணியை நம்புங்க நம்புங்கன்னு சொல்லிட்டிருக்கேன்," என்றாள் பயிற்சியாளர், வியப்பாக.

"தண்ணியை எப்படிங்க நம்பறது? அளவைத்தான் நம்பணும்." டேப் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, அடி இருக்கு. தட்டிப் பாத்துட்டேன். உங்களை மாதிரி ரெண்டு பேரு ஒருத்தர் மேல ஒருத்தர் நின்னா தீந்துபோச்சு. அவ்வளவுதான் இது."

அவள் கீழே பார்த்தாள். அதே கருநீலம்தான். ஆனால் இப்போது அதற்கு ஓர் எண் இருந்தது. தன்னை மாதிரி இரண்டு பேர். அந்த இருவரையும் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது: ஒருத்தி எல்லாம் தெரிந்தவள், மற்றவள் ஒன்றும் தெரியாதவள். யார் மேலே, யார் கீழே என்று யோசித்து முடிப்பதற்குள் கால்கள் விளிம்பை விட்டிருந்தன.

சத்தம். பிறகு சத்தமே இல்லாமை. காதுக்குள் பச்சையாக ஓர் அமைதி. போய்க்கொண்டே இருந்தாள், பயம் வரட்டும் என்று காத்திருந்தாள், அது வருவதற்குள் தண்ணீரே அவளை மேலே தூக்கிவிட்டது. முகம் வெளியே வந்தபோது விசில் அலறியது. இன்ஜினியர் தலைக்கவசத்தை மத்தளம்போல் தட்டிக்கொண்டிருந்தார். மச்சான் மடிக்கணினியோடு எம்பிக் குதித்தான்.

"அளவு சரியா இருந்துச்சா?" என்று கத்தினார் டேப்.

"அடி தொடலை!"

"அப்ப சரிபாக்கணுமே. இன்னொரு தடவை குதிங்க!"

நாலு மணிக்குள் ஏழு தடவை குதித்தாள். ஐந்தாவது தடவை கால் கட்டைவிரல் அடியைத் தொட்டது.

அன்று தலையைக் காயவைக்கவில்லை. சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தவளைக் கணவர் செய்தித்தாளுக்கு மேலாகப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில்.

"என்ன இது, மழையா?"

"இல்ல. குதிச்சேன்," என்றாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் எதிரில் உட்கார்ந்து முதல் புதனிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

வியாழன் காலை முதல் வேலையாக மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஒரு மணி நேரத்தைப் பூட்டக் கற்றுக்கொண்டாள். நாலு பேருக்கும் சிவப்பில் ரத்து போயிற்று. நாலு பேரும் ஒரு எழுத்து விடாமல் படித்தார்கள்.

"ரத்தா?" என்றார் டேப், மனம் உடைந்து. "அடுத்த வாரம் நானும் இறங்கலாம்னு இருந்தேனே."

"வேற கிழமை போங்க," என்றாள் அக்கா. "புதன் என்னோடது."

திரையில் இப்போது அந்த இடம் வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அதன் மேல் 'நேரமில்லை' என்று மட்டும் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. டேப்பும் பென்சிலும் அன்றைய வேலைகளைத் தாங்களே போனில் பார்த்துக்கொண்டு கிளம்பியபோது, வாசிக்க டைரி இல்லாத கைகளை என்ன செய்வதென்று அவளுக்கு ஒரு நிமிஷம் தெரியவில்லை. அப்புறம் காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள். கீழே டேப், வண்டியில் ஏறுவதற்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, "பின்வாசலா முன்வாசலாக்கா?" என்று கத்தினார். அது சர்வரில் இல்லை.

"பின்வாசல்!" என்று கத்தினாள்.

இரண்டு வாரம் கழித்து, இன்ஜினியரின் நீலப் பட்டைகளுக்கு நடுவே வியாழக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை ஒரு சாம்பல் பட்டை முளைத்திருப்பதைப் பார்த்தாள். இருபது வருஷமாக அவருடைய பல்வலிவரை அறிந்தவளுக்கு இது என்னவென்று தெரியவில்லை. தெரியாமலிருப்பதில் ஒரு குறையும் தோன்றவில்லை. யாரோ பொட்டலம் கட்டி வைத்ததைப் பிரிக்காமல் கையில் வைத்திருப்பதுபோல் இருந்தது. சரியாக நாலு மணிக்கு அவர் தலையை வாரிக்கொண்டு, யார் கண்ணையும் பார்க்காமல் படியிறங்கினார்.

நாலேகாலுக்குப் பள்ளிக்கூடத்துக்காரர் போன் செய்தார். அவசரமாம். இன்ஜினியரை உடனே கூப்பிட வேண்டுமாம்.

"அவர் இல்லீங்களே," என்றாள் டைரி அக்கா. "போஸ்ட் ஆபீஸ் போயிருக்கார். அஞ்சு மணிக்கு வந்துடுவார்."